740 வரி ஆணி

பொட்டி தட்டாத மக்களும் பயப்படாம படிக்கலாம். கொஞ்சம் தொழில் புலம்பல்தான் :-)

தமிழ்ல தலைப்பு வச்ச பக்கத்தோட சுட்டியை காப்பி பண்ணி மெயில்ல ஒட்டிப் பாத்திருப்பீங்க. அழகா "தமிழ்"னு இருந்தது, ஒட்டினதும் சதவீதக் குறியா நீண்டுக்கிட்டே போகும். யூனிகோடுல அந்த வார்த்தைக்கு அஞ்சு குறி, யூடிஎஃப்-8ல குறிக்கு மூணு பைட், பைட்டுக்கு சுட்டியில மூணு எழுத்து. ஆக "தமிழ்"னு எழுத 45 எழுத்து! இதை திரும்பப் பிரிச்சு, எது தளத்தோட பேர், எது பாதை, எது கேள்வின்னு வெட்டிக் குடுக்குறதுக்கு ஒரு நிரல் வேணும். எங்க ஆபீஸ்ல அதை யாரோ ஒரு அண்ணன் 2006ல சொந்தமா ஜாவாவுல எழுதி வச்சிட்டுப் போயிருந்தார். 740 வரி. அதைத் தூக்கிட்டு ஸ்டாண்டர்ட் லைப்ரரியைப் போடணும்னு ஒரு வருஷமா கத்திக்கிட்டு இருந்தேன். "ஓடுற வண்டிக்கு ஏன்பா பஞ்சர் போடுற?" இதுதான் மேனேஜர் பதில்.

சுட்டியை வெட்டுறது பத்து வரி வேலைன்னுதான் எல்லாருக்கும் தோணும். '://' வரைக்கும் ஒரு வெட்டு, அடுத்த '/' வரைக்கும் ஒரு வெட்டு, '?' வந்தா மிச்சமெல்லாம் கேள்வி. காலேஜ்ல நானும் இப்படித்தான் எழுதினேன், மார்க்கும் போட்டாங்க. ஆனா ஐபிவி6 முகவரிக்குள்ளயே முக்காப்புள்ளி வரும், அதனால அதைச் சதுர அடைப்புக்குள்ள போடணும். கூட்டல் குறி கேள்விப் பகுதியில இருந்தா பெரும்பாலும் காலியிடம், பாதையில இருந்தா வெறும் கூட்டல் குறிதான். "50% தள்ளுபடி"ன்னு கோப்புக்குப் பேர் வச்சா அந்த % குறி %25 ஆகிடும். அதை ஒரு தடவைதான் அவிழ்க்கணும். எங்க நிரல் ரெண்டு தடவை அவிழ்த்து மண்ணைக் கவ்விச்சு.

இதெல்லாம் வெறும் தொல்லை. வில்லங்கம் வேற. லாகின் ஆனதும் ஆளை வந்த பக்கத்துக்கே திருப்பி அனுப்புவோம் இல்லையா, அந்தச் சுட்டி நம்ம தளம்தானான்னு பார்க்கறதுக்கும் இதே 740 வரிதான். '://'க்கு அப்புறம் முதல் முக்காப்புள்ளியோ '/'ஓ வர்ற வரைக்கும் தளத்தோட பேர்னு அது எடுத்துக்கும். யாராவது இப்படி அனுப்பினா?

https://நம்மகடை:1@திருடன்/

எங்க நிரலுக்கு இது நம்மகடை. பிரவுசருக்கோ '@'க்கு முன்னாடி இருக்கறது பயனர் பேரும் கடவுச்சொல்லும், போகவேண்டிய இடம் திருடன். எங்க நிஜ லாகின் பக்கத்துல கடவுச்சொல்லைக் குடுத்துட்டு வர்ற வாடிக்கையாளரை நாங்களே கையைப் பிடிச்சு திருடன் வீட்டுல விட்டுட்டு வருவோம். பாதுகாப்பு தணிக்கைக்கு வந்த பொண்ணு இதைப் பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சாங்க. மேனேஜர் அன்னிக்கே பஞ்சர் போடச் சொல்லிட்டார்.

இனிமேதான் என் கதை. ஜாவாவோட யூஆர்ஐ கிளாஸ் 2002ல வந்த 1.4லேர்ந்தே இருக்கு. 2006ல உக்காந்து இதை ஏன்யா சொந்தமா எழுதினேன்னு அந்த அண்ணனை நல்லா கிண்டல் அடிச்சேன். (யூஆர்எல்னு இன்னொரு கிளாஸும் இருக்கு. ரெண்டு சுட்டி சமமான்னு கேட்டா டிஎன்எஸ் வரைக்கும் போய் விசாரிச்சிட்டு, ஒரே ஐபியில இருக்கற ரெண்டு தளமும் ஒண்ணுதான்னு வந்து சொல்லும். அந்தப் பக்கம் போயிடாதீங்க.) ஒரே நாள்ல மாத்தி ஏத்தியாச்சு. மறுநாள் காலையில ஒரு வாடிக்கையாளருக்கு எதுவுமே போகலை.

அவங்க உள் மெஷின் பேர்ல ஒரு அடிக்கோடு. ஜாவாவோட கிளாஸ் நடக்கறது 1998ல வந்த ஆர்எஃப்சி 2396 விதிப்படி, 2005ல வந்த 3986 படி இல்லை. தளத்தோட பேர்ல அடிக்கோடு இருந்தா பிழைன்னு கூட சொல்லாது, தளம் எதுன்னு கேட்டா கமுக்கமா 'நல்'னு கையை விரிச்சிடும். பழைய கோப்பைத் திறந்து பாத்தா, நடுவுல ஒரு கமெண்ட்: அடிக்கோடு, எடுக்காதே. அதை நான் படிச்சிருக்கேன். படிச்சிட்டு சிரிச்சிருக்கேன்.

அதுக்காக சொந்த சரக்கே மேல்னு சொல்ல வரலை. லைப்ரரியிலயும் ஓட்டை வரும். பைத்தான்ல சுட்டிக்கு முன்னாடி ஒரு காலியிடம் விட்டாலே தடைப்பட்டியலைத் தாண்டிடலாம்னு இருந்தது, 2023ல சரி பண்ணாங்க. ஆனா அங்க ஒருத்தர் கண்டுபிடிச்சா ஊருக்கே சரியாகுது. எங்க ஓட்டையை அடைக்க எங்களை விட்டா நாதி இல்லை. அதனால இப்பவும் என் கட்சி லைப்ரரிதான். என்ன, 'ஸ்டாண்டர்ட்'னு சொன்னதும் எந்த ஸ்டாண்டர்ட்னு நான் கேட்டிருக்கணும். பிரவுசர்கள் வாட்விஜி விதியைப் பாத்து நடக்குது. அதுக்கு 'http' சுட்டியில பின்சாய்வும் முன்சாய்வும் ஒண்ணு, ஆர்எஃப்சிக்கு பின்சாய்வே ஆகாது. பிரவுசர் போகப்போற சுட்டியை பிரவுசர் மாதிரியே படிக்கற லைப்ரரியை வச்சுத்தான் சோதிக்கணும். ஒண்ணை வச்சு சோதிச்சிட்டு இன்னொண்ணை வச்சு அனுப்பினா மறுபடியும் திருடன் வீடுதான்.

அப்புறம் திருப்பி அனுப்பற சோதனையில மட்டும் '@' இருந்தாலே ஒதுக்கச் சொல்லிட்டு, மத்த இடத்துல பழசு புதுசு ரெண்டையும் ரெண்டு வாரம் பக்கத்துல பக்கத்துல ஓட விட்டு, பதில் மாறுற சுட்டியை எல்லாம் பதிவு பண்ணிப் பாத்தேன். அண்ணன் எழுதின ஒவ்வொரு கமெண்ட்டையும் ஒரு டெஸ்ட்டா மாத்தினேன். ஒண்ணு ரெண்டு தவிர எல்லாத்துக்கும் காரணம் இருந்தது.

முந்தாநாள் அந்தக் கோப்பை அழிச்சாச்சு. 740 வரி போய், லைப்ரரியைச் சுத்தி 58 வரி. அடிக்கோடு கமெண்ட்டை மட்டும் அப்படியே டெஸ்ட் கோப்புல ஒட்டி வச்சிருக்கேன்.