கண்ணீரில் மறையும் கவிஞர்: ‘பாரதி’ திரைப்படமும் நம் வாசிப்பும்

2000ஆம் ஆண்டில் ஞான ராஜசேகரன் இயக்கத்தில் வெளிவந்த ‘பாரதி’ திரைப்படம் தமிழ்த்துறைகள் பலவற்றில் துணைப்பாடநூலின் இடத்தைப் பெற்றுவிட்டது. மராத்தி நடிகர் சாயாஜி ஷிண்டேயின் முகமே பாரதியின் முகமாக இளையோர் பலரின் மனத்தில் பதிந்துள்ளது. சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருது பெற்ற அப்படத்தின் கலைத்தகுதியை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. படத்தைக் கண்ட மாணவர் ‘பாரதியில் என்னையே கண்டேன்’ என்று எழுதுகிறார். ஆசிரியர் அதனைச் சிறந்த வாசிப்புக்குச் சான்றாக ஏற்றுக்கொள்கிறார். கருத்தரங்கக் கட்டுரைகளிலும் இப்போக்கு புகுந்துவிட்டது. இவ்வழக்கத்தையே இக்கட்டுரை மறுக்கிறது. துயருற்ற எழுத்தாளரோடு ஒன்றிக் கண்ணீர் விடுவது அவரை வாசிப்பதற்கு ஈடாகாது என்பதும், அக்கண்ணீர் பல வேளைகளில் வாசிப்புக்குத் தடையாகவே நிற்கிறது என்பதும் இங்கு முன்வைக்கப்படும் வாதங்கள்.

உரைமரபு காட்டும் தெளிவு

ஒன்றுதல் பற்றிய சிந்தனை நமக்குப் புதிதன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரைகண்ட பேராசிரியர் இச்சிக்கலை நுட்பமாக எழுப்பியுள்ளார். அரிமாவைக் கண்டு அஞ்சி ஓடிவரும் ஒருவனை மற்றொருவன் காண்கிறான். ஓடிவருபவனின் அச்சம் காண்பவனுக்கும் அச்சமாகவே பற்ற வேண்டும் என்பதில்லை. நகையோ கருணையோ தோன்றலாம். உறுபவனின் இடமும் காண்பவனின் இடமும் வேறு என்னும் தெளிவு அவ்வுரையில் உள்ளது. இவ்வேறுபாட்டை மறந்துவிட்டு, பாரதி உற்றதைத் தாமும் உற்றதாகக் கருதிக்கொள்வது மரபுவழித் திறனாய்வுக்கும் ஒவ்வாது. புதிய திறனாய்வுக்கும் ஒவ்வாது.

துயரம் விழுங்கிய உழைப்பு

இவ்வொன்றுதலால் முதலில் மறைவது உழைப்பு. 1904இல் சுதேசமித்திரனில் துணையாசிரியராகச் சேர்ந்தது முதல் 1921 செப்டம்பரில் மறையும் வரை பாரதியின் தொழில் எழுத்தே. ‘சக்கரவர்த்தினி’யையும் ‘இந்தியா’வையும் நடத்தியவர் அவர். கருத்துப்படத்தைத் தமிழ் இதழியலுக்குள் கொண்டுவந்த முன்னோடியும் அவரே. புதுச்சேரியில் வாழ்ந்த 1908 முதல் 1918 வரையிலான பத்தாண்டுகளில்தான் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் பிறந்தன. ஆங்கிலத்திலும் எழுதினார், தாகூரின் கதைகளையும் கீதையையும் தமிழாக்கினார். சீனி. விசுவநாதன் காலவரிசைப்படுத்திய பாரதி படைப்புகள் 23 தொகுதிகளாக நிற்கின்றன. இவ்வளவையும் எழுதிய கையை விட்டுவிட்டு, ஒட்டிய வயிற்றை மட்டும் காட்டுவது எவ்வகை மரியாதை?

விடைத்தாள்களில் யானை மிதித்துப் பாரதி இறந்தார் என்று இன்றும் எழுதுகின்றனர். திருவல்லிக்கேணிக் கோயில் யானை தள்ளிய காயத்திலிருந்து மீண்ட அவர் மீண்டும் பணிக்குச் சென்றார். 1921இல், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், ஈரோட்டுக் கருங்கல்பாளையத்தில் சொற்பொழிவாற்றினார்; அப்பயணத்தைப் பற்றிச் சுதேசமித்திரனில் எழுதவும் செய்தார். வயிற்று நோயே அவரை மாய்த்தது. யானைக்கதை நிலைத்து நிற்பதற்குக் காரணம் எளிது. துயரநாயகனுக்கு நாடகத்தன்மை வாய்ந்த முடிவு தேவைப்படுகிறது. அலுவலகம் சென்று கட்டுரை எழுதிய பாரதி அத்தேவைக்கு உதவுவதில்லை.

சுற்றறிக்கைக்கு விடை தராதவர் யார்?

1920இல் கடையத்திலிருந்து பாரதி ஒரு சுற்றறிக்கை விடுத்தார். தம் எழுத்துகளை 40 நூல்களாக, நூலுக்கு 10,000 படிகள் வீதம் அச்சிடுவது திட்டம்; மொத்தம் 4 இலட்சம் படிகள். தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் போல நூல்கள் எங்கும் விற்பனையாக வேண்டும் என்பது அவர் கணக்கு. அதற்கு நண்பர்களிடம் கடன் கேட்டார். முத்திரைத்தாளில் உறுதிச்சீட்டுத் தருவதாகவும் மாதம் 2 விழுக்காடு வட்டி தருவதாகவும் சொன்னார். அச்சு, விலை, விற்பனை, வட்டி ஆகிய அனைத்தையும் எண்ணிப் பார்த்த ஒருவரின் ஆவணம் இது. உலகியல் அறியாத பித்தர் என்னும் பிம்பம் இதன்முன் நிற்காது. போதிய பணம் வரவில்லை, திட்டம் கைகூடவில்லை.

திரையரங்கில் அமர்ந்த நாம் அனைவரும் பாரதியாகவே மாறிவிடுகிறோம். அச்சுற்றறிக்கையைப் பெற்று மடித்து வைத்தவராக நம்மில் ஒருவரும் தம்மை எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிக்கையை நோக்கினால் நமக்கு உரிய இடம் அதுவே. கவிஞர் ஒருவர், காசு அனுப்பாதவர் பலர். பாதிக்கப்பட்டவரோடு ஒன்றுவது நம்மைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கிறது. அவ்விடுதலையின் இன்பத்தையே நாம் இலக்கிய உணர்ச்சி எனப் பெயரிட்டு அழைக்கிறோம்.

செல்லம்மாளையும் இங்கு நினைக்க வேண்டும். சமையலுக்கு வைத்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்த கதையை மேடைதோறும் கேட்கிறோம். கேட்பவர் கவிஞரோடு குருவிகளைப் பார்க்கின்றனர். உலையில் இட அரிசியின்றி நின்றவரின் பக்கம் செல்வதில்லை. அவரே பாரதி மறைந்த மறு ஆண்டில், 1922இல், பாரதி ஆச்சிரமம் என்னும் பெயரில் சுதேச கீதங்களை வெளியிட்டார். நூல்களை நமக்குக் கொண்டுவந்தது அவ்வுழைப்பு. ஆயினும் அவரோடு ஒன்றிய மாணவர் கட்டுரை ஒன்றையும் நான் திருத்தியதில்லை.

எதிர்வாதம்

ஒன்றுதலே வாசிப்புக்கு முதற்படி. அதனையும் பறித்துவிட்டால் மாணவர் பாரதியை அணுகுவது எவ்வாறு என்று வினவலாம். இவ்வினா நேர்மையானது. முதற்படி என்பதை நானும் ஏற்கிறேன். பட்டம் பெறும் நாள் வரை மாணவரை அப்படியிலேயே நிறுத்தி வைப்பதைத்தான் மறுக்கிறேன். நந்திதா தாஸ் இயக்கி 2018இல் வெளிவந்த ‘மண்ட்டோ’ இங்கு ஒப்பிடத்தக்கது. சதத் ஹசன் மண்ட்டோவும் வறுமை, குடி, வழக்கு ஆகியவற்றால் அலைக்கழிந்து 42ஆம் வயதில் லாகூரில் இறந்தவர். அப்படம் அவர் வாழ்க்கைக்கு இடையிடையே அவர் கதைகளையும் காட்சிகளாக்கியுள்ளது. எழுத்தாளருக்காக இரங்கத் தொடங்கும்போதே அவர் எழுதிய மனிதர்கள் குறுக்கே வந்து நிற்கின்றனர். ‘டோபா டேக் சிங்’கின் பைத்தியக்காரர் நம் இரக்கத்தைத் திசைதிருப்புகிறார். எழுத்தாளரிடமிருந்து எழுத்துக்கு வாசகரை அனுப்பும் ஒன்றுதல் பயனுடையது என்பதற்கு இது சான்று.

நம் துறைகளில் இதன் விளைவு

இது சுவை பற்றிய பூசல் மட்டுமன்று. வறுமையைப் புலமைக்குச் சான்றிதழாக்கும் மனநிலை நம் துறைகளின் நடைமுறையிலும் ஊறியுள்ளது. ஒரு கருத்தரங்கில், பல மாதங்களாக ஊதியம் நிலுவையில் இருந்த தொகுப்பூதிய விரிவுரையாளர் ஒருவரை, வறுமையிலும் தமிழை விடாத இன்னொரு பாரதி என்று அறிமுகப்படுத்தினர். அரங்கம் கைதட்டியது. நிலுவை பற்றி எவரும் வாய்திறக்கவில்லை. பாராட்டப்பட்டவரும் அதன்பின் கேட்க இயலாமற் போயிற்று. வட்டிக் கணக்கோடு கடன் கேட்ட பாரதியை அறிந்தவர், அவர் பெயரால் ஒருவரின் வாயை இவ்வாறு அடைக்க முடியுமா? துன்பமே திறமை தரும் என்று நம்பிப் படிப்பையும் உடல்நலத்தையும் புறக்கணிக்கும் இளம் படைப்பாளிகளையும் நாம் அறிவோம். அவர்களுக்கு அந்நம்பிக்கையை ஊட்டியதில் நம் வகுப்பறைகளுக்கும் பங்குண்டு.

எனவே திரைப்படத்தைக் காட்டும் ஆசிரியர் அதே வாரத்தில் 1920ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையையும், ‘இந்தியா’வின் கருத்துப்படம் ஒன்றையும், சுதேசமித்திரன் கட்டுரை ஒன்றையும் மாணவர் கையில் கொடுத்தல் வேண்டும். ‘பாரதி உங்களுக்கு யாராகத் தோன்றுகிறார்?’ என்னும் வினாவை நீக்கி, ‘அச்சுற்றறிக்கை உங்களுக்கு வந்திருந்தால் என்ன விடை எழுதியிருப்பீர்கள்?’ என்று கேட்டல் வேண்டும். பாரதியின் துயரம் பற்றிய ஆய்வேடுகளுக்கு ஈடாக, அவர் இதழ்களின் சந்தாவும் விற்பனையும் பற்றிய ஆய்வேடுகள் வருதல் வேண்டும். கருத்தரங்கு நடத்தும் துறைகள், பாரதிக்கு மாலையிடும் முன் தம் தொகுப்பூதியப் பட்டியலில் நிலுவை உள்ளதா என்று பார்த்தல் வேண்டும்.