விளம்பரம் விற்க யார் அதிகாரி?

ஒரு பத்திரிகையின் பெயரைச் சொல்லி விளம்பரம் வாங்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பது, அச்சுத்தாள் மாத்திரமே இருந்த நாளில் பெரிய விவகாரமாக இருந்ததில்லை. விளம்பரம் கொடுக்க விரும்பும் வியாபாரி காரியாலயத்துக்கே போவார், அல்லது நன்கு அறிமுகமான ஏஜெண்டிடம் பணத்தைச் செலுத்துவார். எவரேனும் போலி ரசீதுடன் ஊருக்குள் சுற்றுவதாகத் தெரிந்தால், ‘இன்னாருக்கும் எமது ஸ்தாபனத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை’ என்று பத்திரிகையிலேயே நாலு வரி அறிவிப்பு வெளியாகும், விஷயம் முடிந்துவிடும். இணையதளங்களின் விளம்பர வியாபாரத்தில் அந்த அறிவிப்பின் ஸ்தானத்தை இன்று வகிப்பது ஆட்ஸ்.டிஎக்ஸ்டி என்ற சிறு கோப்பு. அதைக் கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர் ஒருவர் பார்த்துக்கொள்ளும் சில்லறைக் காரியமென்று தளத்தின் சொந்தக்காரர்கள் ஒதுக்கிவிடுவது சரியல்ல என்பதும், அதில் எழுதப்படும் ஒவ்வொரு வரிக்கும் அவர்களே நேரில் பொறுப்பேற்க வேண்டும் என்பதும் என் அபிப்பிராயம்.

இந்தக் கோப்பு ஏன் தேவைப்பட்டது என்பதை அறிய, இணைய விளம்பரம் விற்கப்படும் விதத்தைச் சிறிது கவனிக்க வேண்டும். வாசகர் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, அது திரையில் விரிந்து முடிவதற்குள்ளாகவே, அங்குள்ள காலி இடத்தை எந்த விளம்பரத்துக்குக் கொடுப்பது என்று எங்கோ ஒரு சந்தையில் ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. ஏலம் விடுவதும் இயந்திரம், கேட்பதும் இயந்திரம். ‘இந்த இடம் இன்ன பத்திரிகையைச் சேர்ந்தது’ என்று விற்க வருபவர் எழுதிக் கொடுக்கும் டொமைன் பெயரைத் தவிர, வாங்குபவரின் கையில் வேறு அத்தாட்சி ஏதும் வெகுகாலம் இருக்கவில்லை. அந்தப் பெயரையோ எவரும் எழுதிக் கொடுக்கலாம்.

எழுதிக் கொடுத்தவர்கள் எவ்வளவு பேர் என்பதை, லண்டனிலிருந்து வெளிவரும் ஃபைனான்ஷியல் டைம்ஸ் பத்திரிகை 2017-இல் தன் செலவிலேயே தெரிந்துகொண்டது. தன் பெயரில் சந்தைகளில் என்னென்ன விற்கப்படுகின்றன என்று அது ஆராயப் புகுந்தபோது, 10 சந்தைகளில் சாதாரண விளம்பர இடங்களும், 15 சந்தைகளில் வீடியோ விளம்பர இடங்களும் போலியாக விற்பனைக்கு நின்றன. வீடியோ விளம்பர இடத்தை இத்தகைய இயந்திரச் சந்தைகளில் அந்தப் பத்திரிகை விற்பதே இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. போலிச் சரக்கின் மதிப்பு மாதத்துக்கு 10 லட்சம் பவுன் என்று அது மதிப்பிட்டது. பணம் கொடுத்தவர்கள், கெளரவமான பத்திரிகையில் தம் விளம்பரம் வருவதாக எண்ணித் திருப்தியுடன் இருந்தார்கள். பத்திரிகைக்கோ அதில் ஒரு காசும் சேரவில்லை.

அதற்கு முந்திய ஆண்டு டிசம்பரில் வைட் ஆப்ஸ் என்ற நிறுவனம் அம்பலப்படுத்திய மெத்பாட் மோசடி இதைவிடத் துணிகரமானது. அதில் வாசகர் என்று ஒருவருமே கிடையாது. வாடகைக்கு எடுத்த சர்வர்களே மனிதரைப்போல் மவுஸை நகர்த்துவதாகவும் வீடியோ பார்ப்பதாகவும் பாவனை செய்ய, 6,000-க்கும் மேற்பட்ட டொமைன்களின் பெயரில் விளம்பர இடம் விலைபோயிற்று. அதை நடத்திய ரஷ்யர் அலெக்சாண்டர் ஜுகோவுக்கு 2021-இல் நியூயார்க்கில் 10 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இதற்கு ஐஏபி டெக் லாப் என்ற விளம்பரத் தொழில் அமைப்பு 2017-இல் வகுத்த பரிகாரம், அதன் எளிமையாலேயே மதிக்கத் தக்கது. தளத்தின் டொமைன் பெயருக்கு அடுத்தபடியாக, எந்த உள்ஃபோல்டருக்குள்ளும் புகாமல், ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு வைக்கப்பட வேண்டும். அந்த இடத்தில் கோப்பு வைக்கும் சக்தி தளத்தை ஆள்பவருக்கே உண்டாதலால், அங்கே எழுதியிருப்பது அவர் வாக்கு என்று உலகம் கொள்ளலாம். முழு ஏற்பாடும் இந்த ஒரு யுக்தியின்மேல்தான் நிற்கிறது. ஒவ்வொரு வரியிலும் சந்தையின் டொமைன் பெயர், அச்சந்தையிலுள்ள கணக்கின் எண், ‘டைரக்ட்’ அல்லது ‘ரீசெல்லர்’ என்ற சொல், விரும்பினால் அந்தச் சந்தைக்குரிய சான்று எண் ஆகியவை கமாவால் பிரிக்கப்பட்டு வரிசையாக வரும். கணக்கைத் தளத்தின் சொந்தக்காரரே நேரில் வைத்திருந்தால் டைரக்ட். வேறொருவர் தம் கணக்கின் வழியே விற்க அவர் சம்மதித்திருந்தால் ரீசெல்லர். வாங்கும் இயந்திரங்கள் இக்கோப்பை அவ்வப்போது வந்து படித்து வைத்துக்கொண்டு, ஏலத்துக்கு வரும் கணக்கின் எண் அதில் இல்லையேல் அந்தச் சரக்கைத் தள்ளிவிடுகின்றன. 2017 முடிவதற்குள் கூகுளின் விளம்பரம் வாங்கும் சாதனமே இவ்வழக்கத்தை மேற்கொண்டதும், அதுவரை அசட்டையாக இருந்த தளங்களெல்லாம் விழுந்தடித்துக்கொண்டு கோப்பை வைத்தன.

கேடு அங்கேதான் புகுந்தது. தரகு நிறுவனம் ஒவ்வொன்றும் ‘இவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு நீண்ட ஜாபிதாவை அனுப்பும்; அதில் அந்நிறுவனத்தின் சொந்த வரி ஒன்றோ இரண்டோ இருக்க, மற்றவையெல்லாம் அது மறுபடி விற்கச் சொல்லியிருக்கும் அந்நியர்களுடையவை. வாசித்துப் பாராமல் ஒட்டி ஒட்டி, கோப்பு நூற்றுக்கணக்கான வரிகளுக்கு வளர்ந்துவிடுகிறது. ஒப்பந்தம் முடிந்துபோன தரகரின் வரியும் அதில் கிடக்கும். அதை நீக்க வேண்டுமென்ற நினைவே எவருக்கும் வருவதில்லை. 2020-இல் இன்டக்ரல் ஆட் சயன்ஸ் என்ற நிறுவனம் கண்டுபிடித்த 404பாட் என்னும் மோசடி, இப்படிக் கவனிப்பாரற்று நீண்டுகிடந்த பட்டியல்களையே தனக்கு அரணாகக் கொண்டு, இல்லாத பக்கங்களில் விளம்பரம் காட்டியதாகக் கணக்குக் காட்டி, குறைந்தது ஒன்றரைக் கோடி டாலரை விளம்பரதாரர்களிடமிருந்து பறித்தது. போலிகளைத் தடுக்க ஏற்பட்ட சாதனத்திலேயே போலிகளுக்கு அநுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்ததுபோல் ஆயிற்று.

விற்பவர் அதிகமானால் போட்டி மிகுந்து விலை உயருமே என்று சொல்வார்கள். ஓரளவு வரை அது நியாயமே. சந்தை ஒன்றை மாத்திரம் நம்பியிருக்கும் தளம் அதன் தயவிலேயே வாழ நேரும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ரீசெல்லர்களின் வரிசையில் ஒரே இடம் பல கைகள் வழியே பல தடவை ஏலத்துக்கு வரும்போது நிகழ்வது போட்டியன்று. கைக்குக் கை தரகு கழிவதே. 2020-இல் பிரிட்டிஷ் விளம்பரதாரர் சங்கமான இஸ்பா, பிடபிள்யூசி நிறுவனத்தைக் கொண்டு நடத்திய ஆய்வில், விளம்பரதாரர் செலவிடும் தொகையில் பிரசுரகர்த்தருக்குச் சேர்வது 51 சதவீதமே என்றும், 15 சதவீதம் எங்கே போயிற்று என்று எவராலும் சொல்ல முடியவில்லை என்றும் வெளியாயிற்று. இத்தனைக்கும் அது பெரிய விளம்பரதாரர்களையும் பெயர்பெற்ற தளங்களையும் பற்றிய ஆய்வு.

தமிழில் தளம் நடத்துவோருக்கு இந்த விஷயம் நேரடியாக வந்து சேர்ந்தது 2018-இல், கூகுளின் ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டபோது. சமையல் குறிப்பு எழுதுவோரும் ஜில்லாச் செய்தி தொகுப்போரும் தம் கணக்கைத் திறந்தவுடன், ஆட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பில் கோளாறு இருப்பதால் வருமானத்துக்கு ஆபத்து என்ற எச்சரிக்கையைக் கண்டு திகைப்பது சகஜமாகிவிட்டது. செய்ய வேண்டியது அற்பமே: தம் பப்ளிஷர் எண்ணுடன் கூடிய ஒரு வரியை நோட்பேடில் எழுதி, சரியான இடத்தில் ஏற்றி, பிரவுசரில் அந்த முகவரியைத் திறந்து வரி தெரிகிறதா என்று பார்த்தால் போதும், பிளாகரில் எழுதுவோருக்கு அதற்கென்று அமைப்புகள் பகுதியிலேயே இடம் உண்டு. மாதிரி வரியில் உள்ள பூஜ்யங்களை மாற்றாமல் அப்படியே ஏற்றிவிட்டு, சில தினங்களாகியும் எச்சரிக்கை நீங்கவில்லையே என்று வருந்துவோரும் இருக்கிறார்கள். ஆட்சென்ஸ் ஒன்றே போதுமான சிறு தளத்துக்கு அந்த ஒரு வரியே முழுக் கோப்பு. அதன் கீழே வேறெந்தத் தரகரின் ஜாபிதாவையாவது சேர்க்கும் முன், அந்தக் கணக்கு யாருடையது என்று கேட்பது சொந்தக்காரரின் கடமை. கேட்டால் விடையும் கிடைக்கும். 2019 முதல் சந்தைகள் செல்லர்ஸ்.ஜேசன் என்ற பட்டியலில் தம் விற்பனையாளர்களைப் பகிரங்கமாக எழுதிவைக்கின்றன. அதில் கணக்கு எண்ணைத் தேடிப் பார்க்கலாம். அங்கே பெயர் மறைக்கப்பட்டிருக்குமானால், அந்த வரிக்கு என் கோப்பில் இடமில்லை என்று சொல்லிவிடும் திடம் வேண்டும்.

இக்கோப்பு எல்லா வியாதிக்கும் மருந்தல்ல. உண்மையான தளத்துக்கே இயந்திர வாசகர்களை அனுப்பி எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டும் மோசடியை அதனால் தடுக்க இயலாது. விளம்பரத்துக்காகவே குப்பைத் தளங்களை உண்டாக்குவோரும் பிழையற்ற கோப்பைக் கிரமமாகத்தான் வைக்கிறார்கள். அது சொல்வதெல்லாம், ‘இந்தப் பெயரில் விற்க இன்னாருக்கே அதிகாரம்’ என்ற ஒரு செய்தி மாத்திரமே.

அந்தச் செய்தியைச் சொல்லும் அவசியம் விளம்பரமே வெளியிடாத தளங்களுக்கும் உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கோப்பே வைக்காத தளத்தைப் பற்றி வாங்கும் இயந்திரம் எந்த முடிவுக்கும் வர வழியில்லாததால், ஒரு சர்வகலாசாலையின் பெயரிலோ ஒரு தர்ம ஸ்தாபனத்தின் பெயரிலோ எவனாவது விளம்பர இடம் விற்கப் புகுந்தால் அவனை மறுக்க அங்கே ஆதாரம் ஒன்றும் இராது. விற்க அதிகாரம் பெற்றவர் ஒருவரும் இல்லை என்று அறிவிப்பதற்கும் ஐஏபி டெக் லாபின் விதிகளில் இடம் செய்திருக்கிறார்கள்: சந்தையின் பெயரும் கணக்கு எண்ணும் வர வேண்டிய இடங்களில் ‘பிளேஸ்ஹோல்டர்’ என்ற சொல்லை இட்டு, விதியில் காட்டியுள்ளபடி ஒரே ஒரு வரி எழுதி வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.