பில்லில் பிரேம் எண் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

நுகர்வோர் உரிமை குறித்துத் தாங்கள் வெளியிட்ட கட்டுரையை முழுமனத்துடன் ஆமோதிக்கிறேன். எனினும் அவ்வுரிமை கடை வாசலிலேயே தடைப்பட்டு நிற்பதற்கான காரணமொன்றைச் சொல்லியாக வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்லும் என் மகனின் சைக்கிள், ஹேண்டிலுக்குக் கீழே குழாய்கள் கூடும் வெல்டிங்கிலேயே விண்டுபோயிற்று. மோதி உடைந்த வண்டியென்றால் முன் போர்க்கு வளைந்தும் சக்கரம் கோணியும் இருக்க வேண்டுமே! அவை பழுதின்றி இருந்தும், விரிசலின் உட்புறத்தில் பழைய துரு படிந்திருந்தும், பில்லில் பிரேம் எண் இல்லையென்ற ஒரே காரணத்தைக் காட்டி, விற்ற கடைக்காரர் வாரண்டியை மறுத்துவிட்டார். அவ்வெண்ணைக் குறித்துத் தருவது விற்றவரின் கடமையல்லவா?

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு, வசிக்கும் மாவட்டத்திலேயே கட்டணமின்றி முறையிடலாம் என்பது பெரும் அனுகூலமே. ஆனால் அதற்காகச் சம்பளத்தை இழந்து மாவட்டத் தலைநகரான திருவள்ளூருக்கு அலைவது சாமானியருக்குச் சாத்தியமன்று. ஆகவே, பெரும்பாலும் பெடல் அச்சுக்கூட்டின் அடியில் பொறித்திருக்கும் பிரேம் எண்ணைப் பில்லிலும் வாரண்டி கார்டிலும் எழுதி முத்திரையிட்ட பின்னரே சைக்கிளை ஒப்படைக்க வேண்டுமெனத் தயாரிப்பாளர்கள் தங்கள் விற்பனையாளர்களுக்குக் கட்டாயமாக்க வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர், ஆவடி