மெகா பிக்ஸலை விடுங்கள், ஷட்டரைப் பாருங்கள்

பொங்கல் நெருங்கினாலே எங்கள் காவேரிப்பட்டினம் பக்கம் கேமரா பற்றிய விசாரணைகள் தொடங்கிவிடும். கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவனுக்குக் கேமராவும் தெரிந்திருக்கும் என்பது ஊரின் நம்பிக்கை. "அண்ணா, 48 மெகா பிக்ஸல் போதுமா, 108 வாங்கிடலாமா?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் பையன்கள் போனஸ் பணத்தை வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். பால் ஊற்றி வரும் காசில் மகனுக்கு வாங்கித் தரும் அப்பாக்களும் கேட்கிறார்கள். எல்லாருக்கும் படம் எடுக்க வேண்டிய விஷயம் ஒன்றுதான். எருது விடும் விழா.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், வேலூர் பக்கங்களில் காளைகளை ஒரு ஓடுபாதையில் ஒவ்வொன்றாக அவிழ்த்து விடுவார்கள். குறைந்த நேரத்தில் தூரத்தைக் கடக்கும் காளைக்குப் பரிசு. ஓசூர் பக்கம் போனால் கொம்பில் கட்டிய அலங்காரத் தட்டியை இளைஞர்கள் பறிப்பார்கள். 2017ஆம் ஆண்டு தமிழக அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தத்தில் ஜல்லிக்கட்டு, மஞ்சுவிரட்டு, வடமாடு ஆகியவற்றுடன் இதுவும் இருக்கிறது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. சட்டப்படி சீசன் ஜனவரி முதல் மே வரை. நல்ல வெயில், நல்ல புழுதி, கண் இமைக்கும் நேரத்தில் கடந்துபோகும் காளை. கேமராவுக்கு இதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது.

இந்தப் பரீட்சையில் மெகா பிக்ஸலுக்கு மார்க்கே இல்லை என்பது என் கருத்து. கடைக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

காளை 100 மீட்டரைப் 10 விநாடியில் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 10 மீட்டர். கேமராவின் ஷட்டர் 1/50 விநாடி திறந்திருந்தால், அதற்குள் காளை 20 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். 1/500 என்றால் 2 சென்டிமீட்டர். 1/1000 என்றால் ஒரே ஒரு சென்டிமீட்டர். இப்போது 12 மெகா பிக்ஸல் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அகலம் 4000 பிக்ஸல். 2 மீட்டர் நீளமுள்ள காளை பாதிப் படத்தை நிறைத்து நிற்கிறது என்றால் ஒரு மீட்டருக்கு 1000 பிக்ஸல். 1/50 ஷட்டரில் காளையின் உருவம் 200 பிக்ஸலுக்கு இழுபட்டிருக்கும். அதே இடத்தில் 108 மெகா பிக்ஸல் கேமரா இருந்தால்? அதன் படம் 12,000 பிக்ஸல் அகலம், எனவே 600 பிக்ஸலுக்கு இழுபடும். கூடுதலாகக் கொடுத்த பணத்துக்கு அதே மங்கலைப் பெரிதாக்கித் தந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த விஷயம் புதிதும் அல்ல. 1878இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பவர் ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புகின்றன என்று படம் பிடித்துக் காட்டினார். ஓடுபாதை ஓரம் வரிசையாகக் கேமராக்களை நிறுத்தி, மிக வேகமாக மூடித் திறக்கும் ஷட்டர்களை அதற்காகவே தயார் செய்தார். அன்றைக்கு ஏது மெகா பிக்ஸல்?

'ஆனால் என் போனில் ஓ.ஐ.எஸ். இருக்கிறதே, படம் ஆடாதே' என்று சிலர் சொல்வார்கள். ஓ.ஐ.எஸ். என்பது உங்கள் கை நடுக்கத்தைச் சரி செய்யும் வசதி. காளையின் ஓட்டத்தை அது நிறுத்தாது. 'நைட் மோடு' இன்னும் மோசம். அது பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. அசையாத கோவில் கோபுரத்துக்கு அருமை. ஓடுகிற ஆளுக்கு வைத்தால் பேய்ப் படம்தான் வரும்.

உங்கள் கம்ப்யூட்டரே சொல்லிவிடும்

புதுக் கேமரா வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். போன வருடம் எடுத்த படங்களில் மங்கலாக வந்தவற்றைக் கம்ப்யூட்டரில் காப்பி செய்யுங்கள். ஒரு படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' திறந்து, 'டீடெய்ல்ஸ்' டேபுக்குப் போங்கள். கொஞ்சம் கீழே இறங்கினால் 'எக்ஸ்போஷர் டைம்', 'எஃப்-ஸ்டாப்', 'ஐஎஸ்ஓ ஸ்பீடு' என்று வரிசையாக இருக்கும். படம் எடுத்தபோது கேமரா தானே எழுதி வைத்த குறிப்பு இது. எக்ஸ்போஷர் டைம் என்பதுதான் ஷட்டர் வேகம். அங்கே 1/60 அல்லது 1/100 என்று இருந்தால் உங்கள் கேமராவைக் குறை சொல்லாதீர்கள். அதே கேமராவில் 1/1000 வைத்திருந்தால் படம் வந்திருக்கும். (வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் இந்தக் குறிப்புகள் இருக்காது. ஒரிஜினல் ஃபைல்தான் வேண்டும்.)

இப்படி ஒரு பத்துப் படங்களைப் பார்த்தாலே எதை வாங்க வேண்டும், வாங்கத்தான் வேண்டுமா என்பது விளங்கிவிடும். பட்டப்பகலில் எடுத்த படங்கள் மட்டுமே உங்கள் தேவை என்றால், 'புரோ மோடு' உள்ள போனே பாதி வேலையைச் செய்துவிடும். ஷட்டரை 1/1000 வைத்து, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுங்கள். போனில் விரலை விரித்து டிஜிட்டல் ஜூம் செய்வதை மட்டும் விட்டுவிடுங்கள். அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். அந்த வேலையை வீட்டில் கம்ப்யூட்டரில் நிதானமாகச் செய்யலாம்.

போனால் முடியாதது தூரம். அதற்கு லென்ஸ் வேண்டும். கேனான், நிக்கான் இரண்டும் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டதால், பழைய டிஎஸ்எல்ஆர் பாடிகள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கின்றன. இங்கிருந்து பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கு பஸ் ஏறுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கையில் உள்ள தொகையில் பாடிக்குக் குறைவாகவும் லென்ஸுக்கு அதிகமாகவும் ஒதுக்குங்கள். 55-250 அல்லது 70-300 என்று எண் போட்ட ஒரு ஜூம் லென்ஸ் பகல் விழாவுக்குப் போதும். பழைய பாடி என்றால் இதுவரை எத்தனை முறை ஷட்டர் இயங்கியிருக்கிறது என்ற எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள். வண்டி வாங்கும்போது கிலோமீட்டர் பார்க்கிறோமே, அது போல.

அடுத்து ஆக்‌ஷன் கேமரா. கோப்ரோ போன்ற குட்டிக் கேமராக்கள் மீது நம் பையன்களுக்குத் தனி மோகம். பெயரிலேயே ஆக்‌ஷன் இருக்கிறதே! ஆனால் அது விளையாடுகிறவன் தன் உடம்பிலோ வண்டியிலோ மாட்டிக்கொள்வதற்கான கேமரா. வேடிக்கை பார்க்கிறவனுக்கானது அல்ல. அதன் லென்ஸ் மிக அகலமானது. ஹெல்மெட்டில் மாட்டி ஓசூர் மலைப் பாதையில் பைக் ஓட்டினால் பிரமாதமாக வரும். தடுப்புக்கு வெளியே நின்று 20 மீட்டர் தள்ளி ஓடும் காளையை எடுத்தால் காளை எறும்பு போலத் தெரியும். பிறகு என்ன நடக்கும்? காளை பெரிதாகத் தெரிய வேண்டும் என்று ஆள் தடுப்பைத் தாண்டி உள்ளே போவான்.

இதைத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன். போன் திரையில் பார்த்துக்கொண்டே நிற்பவனுக்குக் காளை இன்னும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். அகல லென்ஸில் எல்லாமே தள்ளித்தான் தெரியும். விநாடிக்கு 10 மீட்டர் என்ற அதே கணக்கை இங்கேயும் போடுங்கள். 20 மீட்டர் தூரத்தில் இருக்கும் காளை இரண்டே விநாடியில் உங்கள் மேல் இருக்கும். போனிலிருந்து கண்ணை எடுக்கவே ஒரு விநாடி ஆகும். ஆகவே வீடியோ எடுக்க ஓடுபாதைக்குள் இறங்கும் ஆசை உள்ள பிள்ளைக்கு அப்பாக்கள் ஆக்‌ஷன் கேமரா வாங்கித் தராதீர்கள். பழைய பாடியும் நீள லென்ஸும் வாங்கித் தாருங்கள். 250 மில்லிமீட்டர் லென்ஸை வைத்துக்கொண்டு பக்கத்தில் போய் எதையும் எடுக்க முடியாது. மேடையில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

பகலில் இப்படி வையுங்கள்

கேமராவின் மேல் உள்ள வட்டத் திருகை நிக்கானில் 'எஸ்', கேனானில் 'டிவி' என்ற எழுத்துக்குத் திருப்புங்கள். (தொலைக்காட்சி அல்ல, 'டைம் வேல்யூ' என்பதன் சுருக்கம். இதைத் தொட்டால் படம் டிவியில் தெரியும் என்று காத்திருந்தவர்களும் உண்டு.) ஷட்டர் 1/1600 அல்லது 1/2000. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 400, எஃப்/5.6 இருந்தாலே இந்த வேகம் தாராளமாகக் கிடைக்கும். ஃபோகஸை நிக்கானில் 'ஏஎஃப்-சி', கேனானில் 'ஏஐ செர்வோ' என்று மாற்றுங்கள். ஓடுகிற பொருளைத் தொடர்ந்து துரத்தும் ஃபோகஸ் இதுதான். 'ஒன் ஷாட்' வைத்தால் காளை இருந்த இடம் தெளிவாக இருக்கும், காளை இருக்காது. பர்ஸ்ட் மோடு போட்டு, காளை வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அழுத்தத் தொடங்குங்கள். செம்மண் புழுதி பறக்கும் இடத்தில் மட்டும் லென்ஸைக் கழற்றி மாட்டாதீர்கள்.

பழகிய பிறகு 1/60 வைத்து, காளையோடு கூடவே கேமராவைத் திருப்பி எடுத்துப் பாருங்கள். கூட்டம் கோடுகளாகக் கரைந்து காளை மட்டும் நிற்கும். இருபதில் ஒன்று தேறும். அந்த ஒன்று அழகாக இருக்கும்.

ராத்திரி கபடி வேறு கதை

நம் ஊர்க் கபடிப் போட்டிகளில் பல விடிய விடிய நடப்பவை. இங்கே இரண்டு பிரச்சினை. முதலாவது வெளிச்சம் போதாது. பகலில் வேலை செய்த எஃப்/5.6 ஜூம் இங்கே ஊமை. எஃப்/1.8 உள்ள 50 மில்லிமீட்டர் லென்ஸ், அதாவது ஜூம் இல்லாத மலிவான சின்ன லென்ஸ், அதைப்போல் ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதில் 1/500, ஐஎஸ்ஓ 3200 வைத்து எடுக்கும் படத்தை ஜூம் லென்ஸில் எடுக்க ஐஎஸ்ஓ 30,000 தாண்ட வேண்டும். ஆடுகளமே 13 மீட்டருக்கு 10 மீட்டர்தான் என்பதால், கோட்டுக்கு அருகே உட்கார்ந்தால் ஜூம் தேவைப்படாது. ஃபிளாஷ் வேண்டாம். ரெய்டு போகிறவன் கண்ணில் அடித்தால் கேமராவுக்கு உத்தரவாதம் இல்லை.

இரண்டாவது, விளக்கு மினுக்குவது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் மலிவான எல்.இ.டி., ட்யூப் லைட் எல்லாம் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். வீடியோவில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊர்வது இதனால்தான். கேமரா கெட்டுவிட்டது என்று சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். வீடியோ ஷட்டரை 1/50 அல்லது 1/100 வையுங்கள், பட்டை போய்விடும். மெனுவில் 'பால்', 'என்டிஎஸ்சி' என்று இருந்தால் பால்தான் நமக்கு. ஸ்லோமோஷன் ஆசையை இரவில் மறந்துவிடுங்கள். விநாடிக்கு 120, 240 ஃபிரேம் எடுக்கும்போது ஷட்டர் 1/100க்கு இறங்கவே முடியாது, மினுக்கல் கட்டாயம் வரும். போட்டோவுக்கு, மெனுவில் 'ஆன்டி ஃப்ளிக்கர்' இருந்தால் ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் பர்ஸ்டில் நாலைந்து எடுத்து, பளிச்சென்று வந்ததை வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

4கே வீடியோ 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகிறது என்றால் விநாடிக்கு 12.5 எம்.பி. ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவரின் 256 ஜி.பி. டிரைவ் இரண்டே விழாவில் மூச்சுத் திணறும். மொபைலில் பார்க்கப்போகிற வீடியோவுக்கு 4கே எதற்கு? 1080, விநாடிக்கு 50 ஃபிரேம் போதும். கம்ப்யூட்டரில் வீடியோ திக்கித் திக்கி ஓடினால் அது பெரும்பாலும் ஹெச்.265 ஃபார்மேட்டாக இருக்கும். கேமரா மெனுவில் ஹெச்.264க்கு மாற்றினால் பழைய கம்ப்யூட்டரும் சமாளிக்கும். வெட்டி ஒட்ட 'ஷாட்கட்' என்ற இலவச சாஃப்ட்வேர் ஆரம்பத்துக்குப் போதுமானது.

மெமரி கார்டில் 'வி30' அல்லது 'யு3' முத்திரை இருக்கட்டும். விநாடிக்கு 30 எம்.பி.க்குக் குறையாமல் தொடர்ந்து எழுதும் என்பதற்கான அடையாளம் அது. என்னிடம் அழாக் குறையாக வருகிறவர்களில் பலர் போலிக் கார்டு வாங்கியவர்கள். வெளியே 256 ஜி.பி. என்று அச்சிட்டிருக்கும், உள்ளே அதில் கால் பங்குகூட இருக்காது. நிறைந்த பிறகு எழுதியதெல்லாம் காற்றில் போய்விடும், எந்த ரெக்கவரி சாஃப்ட்வேராலும் மீட்க முடியாது. 'ஹெச்2டெஸ்ட்டபிள்யூ' என்று ஒரு இலவச புரோகிராம் இருக்கிறது. காலிக் கார்டை ரீடரில் செருகி இதை ஓட விட்டால், முழுக் கார்டிலும் எழுதி, திரும்பப் படித்து, குட்டை உடைத்துவிடும். 64 ஜி.பி. கார்டுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம், அதனால் விழாவுக்கு முந்தைய ராத்திரியே போட்டுவிட்டுத் தூங்குங்கள்.