இருபத்திரண்டு வயதுக்கு எந்த வார்டு?

விட்டுவிட்டு வரும் காய்ச்சல், பல் துலக்கும்போது ஈறில் ரத்தம், எங்கே இடித்துக்கொண்டோம் என்று தெரியாமலே தொடையில் நீலம் பாய்ந்த தடங்கள். கல்லூரிக் கடைசி ஆண்டுப் பையனுக்கு இவை வந்தால், ‘ராத்திரி பூரா போனு, வேளைக்குச் சோறு கிடையாது’ என்று வீட்டில் திட்டு விழும். டெங்குவா, டைஃபாய்டா என்று அலைந்ததில் ஒரு வாரம் போகும். பிறகு ரத்த அணுக்களை எண்ணும் சிபிசி பரிசோதனை. ஒன்றரை லட்சத்துக்குக் குறையக் கூடாத தட்டணுக்கள் இருபதாயிரத்தில் நிற்கும். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்துப் பார்த்து, ரத்தப் புற்றுநோய் என்று உறுதியாகும். செய்தி அப்பாவுக்குப் போகும், சித்தப்பாவுக்குப் போகும், ஊரில் உள்ள மாமாவுக்கும் போகும். பல வீடுகளில் கடைசியாகத் தெரிந்துகொள்பவர் நோயாளிதான்.

மறைப்பது அன்பினால் என்பதில் சந்தேகமில்லை. 1982இல் வந்த ‘வாழ்வே மாயம்’ படத்தின் நாயகன் தன் நோயைக் காதலியிடம் மறைத்தான். நாம் அவனையும் மிஞ்சி, நோயாளியிடமே மறைக்கிறோம். மாத்திரை அட்டையில் உள்ள பெயரை போனில் தட்டினால் அரை நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும் காலம் இது. ஆக, மகனுக்குத் தெரியாது என்று அப்பாவும், தனக்குத் தெரியாது என்று மகனும் ஆளுக்கொரு பக்கம் நடிக்கிறார்கள். இந்த நடிப்பு நடக்கும் அதே வாரத்தில்தான், அந்த இளைஞரின் மிச்ச வாழ்நாளைத் தீர்மானிக்கும் முடிவுகளும் எடுக்கப்படுகின்றன. 18 வயது நிறைந்தவரின் சிகிச்சைக்கு அவருடைய ஒப்புதல்தான் சட்டப்படி செல்லும். நடைமுறையிலோ படிவத்தைப் படிப்பவர் அப்பா. பிள்ளை காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறார்.

இந்த வயதினர் மருத்துவத்திலும் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் நடுவிலான இடைவெளியில் விழுந்தவர்கள்தான். 15 முதல் 39 வயது வரையிலானவர்களைத் தனிப் பிரிவாகக் கருத வேண்டும் என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2006இல்தான் வலியுறுத்தியது. அதற்கான காரணம் 2008இல் வெளியான ஓர் ஒப்பீட்டில் பளிச்சென்று தெரிந்தது. 16 முதல் 20 வயது வரையிலான, ஒரே நோய் கொண்ட (அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியா) இரு சாரார். குழந்தைகளுக்கான முறையில் சிகிச்சை பெற்றவர்களில் 67 சதவீதத்தினர் ஏழு ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருந்தனர். பெரியவர்களுக்கான முறையில் பெற்றவர்களில் அது 46 சதவீதம். யார் எந்தப் பக்கம் போனார்கள் என்பதை முடிவுசெய்தது பெரும்பாலும், அவர்கள் எந்த மருத்துவரிடம் அனுப்பப்பட்டார்கள் என்பதே. மருந்து மட்டும் வித்தியாசம் இல்லை. குழந்தைகள் பிரிவில் ஊசி தேதி ஒரு நாள் தள்ளிப்போனாலும் போன் வரும். ‘செமஸ்டர் முடிச்சிட்டு வரேன்’ என்று சொல்லும் வசதி பெரியவர்கள் பிரிவில்தான் உண்டு. வயது கூடக்கூட, குழந்தைகளுக்கான அந்தக் கடுமையான முறையை உடம்பு தாங்காது என்பதும் உண்மை. கல்லீரல் பாதிப்பும் தொற்றும் அதிகம். எனவே எல்லோரையும் குழந்தைகள் வார்டுக்கு மாற்று என்பதல்ல வாதம். எந்த முறை தனக்கு, ஏன் என்பதைக் கேட்கும் உரிமை அந்த இளைஞருக்கு உண்டு, கேட்கவும் வேண்டும்.

யாருமே வாய் திறக்காத விஷயம் ஒன்று இருக்கிறது: பிற்பாடு குழந்தை பெறும் வாய்ப்பு. எல்லாக் கீமோவும் அதைப் பறிப்பதில்லை. ஹாட்ஜ்கின் லிம்போமாவுக்குப் பரவலாகத் தரப்படும் ஏபிவிடி மருந்துக் கூட்டில் அந்த ஆபத்து குறைவு. மஜ்ஜை மாற்றுக்கு முன் தரும் கனத்த மருந்தில் மிக அதிகம். ஆணுக்கு வழி எளிது. ஓர் அறை, ஒரு குப்பி. திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் விந்தணு ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். முதல் கீமோ ஏறும் முன் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அம்மா தலைமாட்டில் நிற்கும்போது பத்தொன்பது வயதுப் பையனிடம் இதை யார் கேட்பது? மருத்துவர் சொல்லக் கூச்சப்படுவார் அல்லது நேரமிருக்காது. வீட்டார் ‘உயிர் பிழைக்கட்டும், மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்’ என்பார்கள். இந்த விஷயத்தில் அப்புறம் என்பது பெரும்பாலும் கிடையாது. பெண்ணின் நிலை இன்னும் சிக்கல். கருமுட்டை சேமிக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஹார்மோன் ஊசி தேவை. அக்யூட் லுக்கீமியா இரண்டு வாரம் காத்திருக்காது. லிம்போமாவில் பல நேரம் அவகாசம் இருக்கும், சொல்ல ஆள் இருந்தால். கல்யாணமாகாத பெண்ணிடம் கருமுட்டை பற்றிப் பேசுவதா என்ற தயக்கத்திலேயே அந்த அவகாசமும் கழிகிறது.

பிழைக்கவைக்கும் வேலையில் நாம் மோசமில்லை. நாள்பட்ட மைலாய்டு லுக்கீமியாவை மேலைநாடுகளில் அறுபதை ஒட்டியவர்களின் நோய் என்பார்கள். இந்தியாவில் அது நாற்பதை ஒட்டியும் அதற்குக் கீழும் வருகிறது. அதைத் தினசரி மாத்திரையால் அடக்கலாம் என்று காட்டிய இமாட்டினிப் 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் ‘கிளிவெக்’ என்ற பெயரில் அது அந்த ஆண்டுகளில் மாதத்துக்கு ஏறத்தாழ 1.2 லட்சம் ரூபாய்க்கு விற்றது. இந்திய நிறுவனங்களின் அதே மருந்து பத்தாயிரத்துக்குள் கிடைத்தது. நோவார்ட்டிஸின் காப்புரிமை விண்ணப்பத்தை 2006இல் நிராகரித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். அந்த நிராகரிப்புக்கு ஆதாரமான காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவை எதிர்த்து அந்த நிறுவனம் தொடுத்த வழக்கை 2007இல் தள்ளுபடி செய்தது சென்னை உயர் நீதிமன்றம். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் கதவைச் சாத்தியது. எத்தனையோ இளைஞர்கள் இன்று வேலைக்குப் போய்க்கொண்டிருப்பதில் சென்னையில் எழுதப்பட்ட அந்த ஆணைகளுக்குப் பங்கு உண்டு.

மாத்திரை மலிவானது, அதை வெளியே தெரிய விழுங்கும் தைரியம் மலிவாகவில்லை. வரன் பார்க்கும்போது நோயை மறைத்து, புகுந்த வீட்டில் மாத்திரை அட்டை கண்ணில் பட்டுவிடும் என்று பயந்து நிறுத்திவிடும் பெண்கள் இருக்கிறார்கள். இந்த மருந்து கருவைப் பாதிக்கக் கூடியது என்பதால் கர்ப்பத்தை மருத்துவரோடு சேர்ந்து திட்டமிட வேண்டும். கணவருக்கே தெரியாத நோயை வைத்துக்கொண்டு எதைத் திட்டமிடுவது?

முதல் மாதங்களில் நண்பர்கள் குறைவைப்பதில்லை. ‘ஓ பாசிட்டிவ், எஸ்டிபி பிளேட்லெட் அவசரம்’ (ஒரே கொடையாளரிடமிருந்து எடுக்கும் தட்டணு) என்று வாட்ஸ்அப்பில் போட்டால் மாலைக்குள் நான்கு பையன்கள் பைக்கில் வந்து நிற்பார்கள். இயந்திரத்தோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் கையை நீட்டிப் படுத்திருப்பார்கள். எடுத்த தட்டணு ஐந்து நாள்தான் தாங்கும் என்பதால் அடுத்த வாரம் வேறு நான்கு பேர். ஆனால் லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியாவின் சிகிச்சை இரண்டரை, மூன்று ஆண்டு ஓடும். முடி முளைத்துவிட்டால் எல்லோரும் குணமாகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள், நோயாளி உட்பட. அந்தக் கட்டத்தில் தினமும் போட வேண்டிய மாத்திரைதான் முதலில் விட்டுப்போகிறது. நோய் திரும்பிவர அது ஒரு முக்கியக் காரணம்.

வேலையும் காப்பீடும் அடுத்த மதில். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ரத்தக் குறைபாடுகளில் ஹீமோஃபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் மூன்றையும் சேர்த்தது. ரத்தப் புற்றுநோய் அதில் இல்லை. சிகிச்சை முடிந்து குறிப்பிட்ட ஆண்டுகள் ஆனபின், கடனுக்கான காப்பீட்டு விண்ணப்பத்தில் பழைய புற்றுநோயைச் சொல்ல வேண்டியதில்லை என்று பிரான்ஸ் 2016இல் சட்டம் இயற்றியது. பத்து ஆண்டு என்றிருந்ததை 2022இல் ஐந்தாகக் குறைத்தது. ‘மறக்கப்படும் உரிமை’ என்று அதற்குப் பெயர். இந்தியாவில் அப்படியொரு சட்டம் இல்லை. இருபது வயதில் வந்து போன நோய், நாற்பது வயதில் வீட்டுக் கடன் கேட்கும்போதும் மேசைக்கு வருகிறது.

தமிழ்நாட்டால் இதில் முன்னே போக முடியும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அந்தப் பட்டியலில் விந்தணு, கருமுட்டை சேமிப்பு இடம்பெற வேண்டும். முதல் கீமோவுக்கு முன் நோயாளியைத் தனியாக உட்காரவைத்து, நோயின் பெயரையும் குழந்தைப்பேறு பற்றிய கேள்வியையும் சொல்லி, அதைப் பதிவேட்டில் குறிப்பதை அரசு மருத்துவமனைகளில் கட்டாயமாக்கலாம். இதற்குப் புதுக் கட்டிடம் வேண்டாம். ஒரு நாற்காலியும் அரை மணி நேரமும் போதும். பெற்றோர் அந்த அரை மணி நேரம் வெளியே காத்திருக்க வேண்டும்.