தொப்பூர் இறக்கமும் மைலேஜ் கணக்கும்

பெங்களூர்ல இருந்து சேலம் வர்ற நமக்குத் தொப்பூர் கணவாய் ஜன்னலோர வேடிக்கை. அடிவாரத்துல ரோட்டைக் கடக்கிற ஊர்க்காரருக்கு அப்படி இல்லை. மேல இருந்து இறங்கி வர்ற லாரிக்கு பிரேக் இருக்கான்னு அவருக்கு எப்படித் தெரியும்? 2020 டிசம்பரில், ஏற்கெனவே வரிசையா நின்ற வண்டிகள் மேல ஒரு லாரி மோதி 4 பேர் இறந்தாங்க. 2024 ஜனவரியில் மறுபடியும் 4 பேர்.

ஒவ்வொரு தடவையும் "டிரைவர் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரல்ல விட்டுட்டார்"னு பேச்சு. தப்புதான். கியர்ல இறங்கினா இன்ஜினே வேகத்தை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரல்ல மொத்த பாரமும் பிரேக் டிரம் தலையில. அது காய்ஞ்சு போச்சுன்னா பெடலை எவ்வளவு மிதிச்சாலும் பிடிக்காது (மெக்கானிக்கல் பசங்களுக்கு இது ரெண்டு மார்க் கேள்வி).

ஆனா லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர்னு கணக்குக் கேட்கிறது யாரு? முதலாளிதானே! அவர்கிட்ட யாரும் மைக் நீட்டுறதில்லை. உயர்மட்டச் சாலை வரட்டும், வேண்டாம்னு சொல்லலை. அதுக்கு முன்னாடி, மைலேஜ் கணக்குல இந்தக் கணவாயை மட்டும் கழிச்சு விடுங்க. நிறைய டிரைவர்கள் தானாவே கியர்ல இறங்குவாங்க. இதுக்கு டெண்டர்கூட விட வேண்டியதில்லை.