பெயரைத் தேடினால் யார் வருவார்?

இரவு நிகழ்ச்சி முடிந்து கார் நிறுத்துமிடத்துக்கு வந்தபோது கைப்பேசியில் ஒரு குரல் பதிவு காத்திருந்தது. அனுப்பியவர் சுங்கை பட்டாணியைச் சேர்ந்த ஒரு தங்கை. வயது 28. கூலிம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர்.

"அக்கா, அஞ்சு வருஷமா வேலை செய்யறேன். நேத்து ஒரு இன்டர்வியூ. அந்த மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? 'உங்க பேரைத் தேடிப் பார்த்தேன், ஒண்ணுமே வரலையே'ன்னார். நான் என்ன தலைமறைவாவா இருக்கேன்?"

முதலில் சிரித்துவிட்டேன். வீட்டுக்குப் போய் நானும் அவர் பெயரைத் தேடினேன். உண்மையாகவே ஒன்றும் வரவில்லை. ஐந்தாண்டு உழைப்பு, இரண்டு பதவி உயர்வு, ஒரு பட்டம் எதற்கும் தடயமே இல்லை. மறுநாள் அழைத்துப் பேசினேன். "லிங்க்ட்இன் இருக்குக்கா. ஆனா எதுவும் போட மாட்டேன். அம்மா விட மாட்டாங்க. கண்ணு படும்னு சொல்வாங்க."

இந்த ஒரு வரியில் நம் வீடுகளில் பாதி அடங்கிவிட்டது. எஸ்.பி.எம். முடிவு வந்தால் வெளியே சொல்லாதே. புது வேலை கிடைத்தால் மூன்று மாதம் போகட்டும். கார் வாங்கினால் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டுப் படத்தை மட்டும் போடாதே. நானும் அப்படி வளர்ந்தவள்தான். தன்னைப் பற்றித் தானே பேசினால் அது தம்பட்டம். நல்ல பிள்ளைகள் அதைச் செய்யமாட்டார்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நம் கோயில்களுக்குப் போய் மேலே நிமிர்ந்து பாருங்கள். டியூப் லைட்டில் 'உபயம்' என்று போட்டு, வெளிச்சம் வெளியே வராத அளவுக்குப் பெயர் எழுதியிருக்கும். வீட்டில் எவர்சில்வர் சொம்பைத் திருப்பிப் பாருங்கள், அடியிலோ விளிம்பிலோ பாட்டியின் பெயர் வெட்டியிருக்கும். பெயரைப் பதித்து வைப்பது நமக்குப் புதிதில்லை. நம் வேலையின் மீது பதிக்கத்தான் கூச்சம்.

ஊடகப் படிப்பில் இதை 'பெர்சனல் பிராண்டிங்' என்று ஒரு பாடமாகவே வைத்தார்கள். 1997இல் டாம் பீட்டர்ஸ் என்ற அமெரிக்கர் ஃபாஸ்ட் கம்பெனி இதழில் எழுதிய கட்டுரைதான் இந்தப் பேச்சைப் பரவலாக்கியது. அப்போது ஃபேஸ்புக்கும் இல்லை, லிங்க்ட்இன்னும் இல்லை. எனக்கு அந்தச் சொல் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. பிராண்ட் என்ற சொல்லுக்கு மாட்டுக்குச் சூடு போட்டு அடையாளம் வைப்பது என்ற பொருளும் உண்டு. நம்மிடம் அதைவிட நல்ல சொல் இருக்கிறது. பெயர் எடுப்பது. "நல்ல பேர் எடுக்கணும்டா" என்று தாத்தாக்கள் சொன்னார்களே, அதேதான். தோட்டத்தில் ஒருவர் பெயர் எடுத்தால் நான்கு லயத்துக்குத் தெரிந்தால் போதும். இன்று நமக்கு வேலை தருகிறவர் ஷா ஆலாமிலோ சிங்கப்பூரிலோ உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு நம் லயமும் தெரியாது, நம் தாத்தாவும் தெரியாது. நம் பெயரைத் தட்டிப் பார்க்கிறார்.

இதை நான் உபதேசமாகச் சொல்லவில்லை. அடிபட்டுத்தான் கற்றேன்.

இப்போதிருக்கும் வேலைக்கு முன்பு வேறொரு வானொலியில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். இன்ஸ்டகிராமில் என் பெயர், அதன் பின்னால் ஒரு கீழ்க்கோடு, அதன் பின்னால் நிலையத்தின் பெயர். கல்யாணமான புதிதில் கணவர் பெயரைச் சேர்த்துப் போடுகிற பெருமை மாதிரி அது. பேட்டிகள், நகைச்சுவைத் துண்டுகள், தீபாவளி நேரலைகள் எல்லாம் நிலையத்தின் பக்கத்தில் இருந்தன. நான் அவற்றைப் பகிர்வதோடு சரி. என் பக்கத்தில் எனக்கென்று இருந்தவை சாப்பாட்டுப் படங்களும் சேலைப் படங்களும்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்று சொன்னார்கள். அட்டையை ஒப்படைத்துவிட்டு வந்தேன். திங்கட்கிழமை கணக்கின் பெயரிலிருந்து நிலையத்தின் பெயரை எடுத்தேன். "யாரும்மா நீ? நான் எப்ப உன்னை ஃபாலோ பண்ணேன்?" என்று ஒருவர் கேட்டே விட்டார். ஆறு ஆண்டுகள் தினமும் அவர் காருக்குள் பேசியவள் நான்!

நிலையத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சம்பளம் கொடுத்தார்கள், பதிவுகள் அவர்களுடையவை. குறை என்னுடையது. வீட்டுத் தவணையும் அப்பாவின் மருந்துச் செலவும் மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தபோது, "உங்கள் வேலையைக் காட்டுங்கள்" என்று கேட்டவர்களிடம் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை.

அந்த நாட்களில் ஒரு மாலை, வெறுப்பில் ஒன்றை எழுதிப் போட்டேன். கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் பெயரைத் தவறாக வாசித்தால் என்ன நடக்கும், அது நடக்காமலிருக்க மேடை ஏறுமுன் நான் யாரிடம், எப்படிக் கேட்டு எழுதிக்கொள்கிறேன் என்று பத்துப் பன்னிரண்டு வரி. படம்கூட இல்லை. என் சேலைப் படத்துக்கு வந்த 'லைக்'கில் கால்வாசிகூட வரவில்லை. ஆனால் அதைப் படித்த ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் அக்கா, "தங்கச்சி, கிள்ளானில் ஒரு ரிசப்ஷன், வர்றியா?" என்று கேட்டார். அடுத்த எட்டு மாதம் வீட்டுத் தவணை அப்படித்தான் கட்டப்பட்டது.

அன்று எனக்கு விளங்கியது இதுதான்: சேலை படத்தைப் பார்த்தவர்கள் என்னைப் பார்த்தார்கள், பன்னிரண்டு வரியைப் படித்தவர் என் வேலையைப் பார்த்தார்.

சுங்கை பட்டாணி தங்கைக்கு வருகிறேன். அவருக்குத்தான் லிங்க்ட்இன் கணக்கு இருக்கிறதே, பிறகு ஏன் அந்த மேலாளருக்குக் கிடைக்கவில்லை? எழுத்துக்கூட்டல்தான் காரணம். பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதம், லிங்க்ட்இன்னில் தோழிகள் கூப்பிடும் சுருக்கப் பெயர், ஃபேஸ்புக்கில் எண்சோதிடம் பார்த்து ஓர் எழுத்து கூட்டிய பெயர். மூன்றும் ஒரே ஆள் என்று கூகுளுக்கு யார் சொல்வது?

இது மலேசியத் தமிழர்களுக்கே உரிய தலைவலி. பிறப்பைப் பதியும் முகப்பில் உட்கார்ந்திருந்தவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதியதுதான் நம் பெயர். லெட்சுமி ஒரே குடும்பத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பாள். நடுவில் ஏ/எல், ஏ/பி வேறு. உள்ளூரில் எல்லாருக்கும் தெரியும், அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான், அதாவது இன்னாரின் மகன், மகள் என்று. வெளிநாட்டு நிறுவனத்துக்கு அது புதிர். இதில் லிங்க்ட்இன் 'கடைசிப் பெயர்' என்று ஒரு கட்டத்தைக் காட்டிக் கேட்கிறது. நாம் அப்பா பெயரைப் போடுகிறோம். பிறகு மின்னஞ்சலில் "அன்புள்ள திரு. சுப்பிரமணியம்" என்று நம் அப்பாவை வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்!

என் யோசனை எளியது. சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம், லிங்க்ட்இன், மின்னஞ்சல் மூன்றிலும் அதையே போடுங்கள். ஏ/எல், ஏ/பி வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். ஆனால் ஓரிடத்தில் விட்டால் எல்லா இடத்திலும் விடுங்கள். லிங்க்ட்இன் கைப்பேசிச் செயலியில் பெயரை உச்சரித்துப் பதிவு செய்யும் வசதி 2020இலிருந்து இருக்கிறது. பத்து விநாடி கிடைக்கும். ழகரப் பெயர்க்காரர்களே, உங்களுக்காகவே செய்தது போன்ற வசதி அது. நான் வேலை செய்யும் துறையில் பத்து விநாடி என்பது பெரிய சொத்து!

பெயர் சரியான பிறகு, என்ன எழுதுவது? பெயருக்குக் கீழே வரும் அறிமுக வரியில் அவர் இன்னும் 'மாணவி' என்று வைத்திருந்தார். அதற்கு 220 எழுத்துவரை இடம் உண்டு. வெறும் 'பொறியாளர்' என்று போடாமல், எதில், எந்தத் துறையில் என்று எழுதச் சொன்னேன். பிறகு ஒரு பதிவு. "உன் வேலையில் போன வருஷம் எது தூங்கவிடலை?" என்று கேட்டேன். இருபது நிமிடம் நிறுத்தாமல் பேசினார். ஒரு பொருள் திரும்பத் திரும்பப் பழுதாகி வந்ததாம். எல்லாரும் இயந்திரத்தைச் சந்தேகித்தார்கள். இவர் இரவு 'ஷிஃப்டில்' நின்று பார்த்து, பிழை பொருள்களை அடுக்கிவைக்கும் முறையில் இருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார். "அதை எழுதும்மா" என்றேன். "இதெல்லாம் என் கடமைதானேக்கா?" என்றார்.

கடமைதான். ஆனால் அதைச் செய்தது இவர் என்று அந்த மேலாளருக்கு எப்படித் தெரியும்?

ஒன்றில் மட்டும் கறாராக இருந்தேன். நிறுவனத்தின் பெயர், வாடிக்கையாளர் பெயர், எண்ணிக்கை, தொழிற்சாலைக்குள் எடுத்த படம் எதுவும் வரக்கூடாது. வேலைக் கடிதத்தில் சமூக ஊடகம் பற்றி விதி இருக்கிறதா என்று முதலில் படிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மேலதிகாரியிடம் கேட்டுவிடலாம். பெயர் எடுக்கப் போய் வேலையை இழக்க வேண்டாம். வேலை தேடுவதைக் காட்டும் 'ஓப்பன் டு வொர்க்' பச்சை வளையத்தையும் அவசரப்பட்டு மாட்டாதீர்கள். ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் காட்டும் தேர்வும் உண்டு. அதிலும்கூட உங்கள் முதலாளியின் கண்ணில் படவே படாது என்று லிங்க்ட்இன் உத்தரவாதம் தருவதில்லை.

பழைய பதிவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 19 வயதில் நான் ஃபேஸ்புக்கில் எழுதியவற்றைப் போன வாரம் உட்கார்ந்து படித்தேன். சாமி, அந்தப் பெண்ணுக்கு நானே வேலை கொடுக்கமாட்டேன். ஃபேஸ்புக் அமைப்புகளில் பழைய பொதுப் பதிவுகளை ஒரே தட்டில் நண்பர்களுக்கு மட்டும் என்று சுருக்க வழி இருக்கிறது. பத்து நிமிட வேலை. ஏற்கெனவே யாராவது திரைப்படம் பிடித்து வைத்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, அது வேறு.

அலுவலக வேலை செய்பவர்களுக்கு மட்டும்தான் இதெல்லாம் என்று நினைக்காதீர்கள். எனக்கு ரவிக்கை தைத்துத் தரும் அக்கா கிள்ளானில் இருக்கிறார். லிங்க்ட்இன் என்றால் என்னவென்றே தெரியாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தைத்த ரவிக்கையின் உள்பக்கத் தையலைப் படம் எடுத்துப் போடுவார், வெளிப்பக்கத்தை அல்ல. "வெளிய எல்லாரும் அழகாத்தான் காட்டுவாங்கம்மா" என்பார். மணப்பெண் முகம் தெரியும் படமென்றால் அவளிடம் கேட்காமல் போடமாட்டார். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே "ஆர்டர் முடிந்தது" என்று எழுதிவிடுகிறார். எந்த ஊடகப் பல்கலைக்கழகத்திலும் அவர் படிக்கவில்லை.

தங்கை அந்தப் பதிவை ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு போட்டார். பதினொரு பேர் விரும்பியிருந்தார்கள். "பதினொண்ணுதான்க்கா" என்று சோர்வாகச் சொன்னார். அந்தப் பதினொன்றில் ஒருவர் அவருடைய பழைய விரிவுரையாளர். இன்னொருவர், பெயரைத் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்றாரே, அந்த மேலாளர். சுருட்டிக் கட்டிய பெயரைச் சரிசெய்த பிறகு இவரே அவருக்கு இணைப்புக் கோரிக்கை அனுப்பியிருந்தார்.

இரண்டாம் சுற்று நேர்முகத் தேர்வு வரும் புதன்கிழமை. கிடைக்குமா தெரியாது. நேற்று மறுபடி ஒரு குரல் பதிவு வந்தது. அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டதாம். மாமா மகன் காட்டியிருக்கிறான். திட்டு விழும் என்று இவர் பயந்துகொண்டிருக்க, அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதிவை இரண்டு முறை பார்த்தாராம். ஆங்கிலம் புரியாததால் மகளையே வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொன்னாராம்.

"நைட்டு ஷிஃப்ட்ல இதைத்தான் செஞ்சியா? என்கிட்டகூட சொல்லலையே" என்றாராம். பிறகு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவரே அதைப் பகிர்ந்துவிட்டு, சமையலறைக்குப் போய் உப்பும் மிளகாயும் எடுத்துவந்து மகளுக்குச் சுற்றிப் போட்டாராம்.